ஐபேட் லேப்டாப்புக்கு மாற்றாகுமா: எம்பிபிஎஸ் மகளுக்கும் மெக்கானிக்கல் மகனுக்கும்

மகள் எம்பிபிஎஸ் முதல் வருஷம், மகன் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். இருவருமே லேப்டாப் வேண்டாம், ஐபேட் போதும் என்கிறார்கள். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. ஆளுக்கொன்று வாங்கலாமா, ஒன்றை வாங்கி இருவரையும் பகிர்ந்துகொள்ளச் சொல்லலாமா, படிப்பு முடிகிறவரை உழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாடலும் விலையும் அப்புறம். இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி, ஒரு டேப்லெட் லேப்டாப்பின் வேலையைச் செய்யுமா என்பதுதான். மகளுக்குப் பெரும்பாலும் செய்யும். மகனுக்குச் செய்யாது. ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு பதில் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

மதுரையில் மொபைல், டேப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐபேட் 2 காலத்திலிருந்து இவற்றைத் திறந்து மூடுவதுதான் பிழைப்பு. ஆகவே உடைவது, தேய்வது, வீங்குவது பற்றி உறுதியாகப் பேசுவேன். படிப்பு, கண் ஆரோக்கியம் பற்றிச் சொல்வதை ஒரு கடைக்காரர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மகள். எம்பிபிஎஸ் முதல் வருஷம் என்றால் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. வேலை என்று பார்த்தால் தடித்தடியான புத்தகங்களைப் படிப்பது, வகுப்பில் காட்டும் ஸ்லைடுகளின் மேல் குறிப்பு எழுதுவது, படம் வரைவது. டேப்லெட் பிறந்ததே இதற்காகத்தான். அரை கிலோவுக்கும் குறைவு (2025-இல் வந்த சாதா ஐபேட் 477 கிராம்), நின்றுகொண்டும் படிக்கலாம், ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டும் படிக்கலாம். இடது பாதியில் புத்தகத்தின் பிடிஎஃப், வலது பாதியில் நோட்டு, கையில் பேனா. ஆறு மாதம் கழித்து ஒரு நரம்பின் பெயரைத் தட்டித் தேடினால் அது வரும் பக்கங்கள் எல்லாம் வந்து நிற்கும். 2010-இல் வந்த முதல் ஐபேடிலிருந்து இன்றுவரை ஆப்பிள் சொல்லும் பேட்டரிக் கணக்கு 10 மணி நேரம். அதை ஓரளவு காப்பாற்றியும் வருகிறார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்புகிற பெண் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. லேப்டாப்பில் இத்தனையும் இவ்வளவு சுகமாக வராது, பேனாவால் எழுதுவது பெரும்பாலான லேப்டாப்பில் வரவே வராது.

இனி பணக் கணக்கு. ஏ16 சிப்போடு 2025 மார்ச்சில் வந்த சாதா ஐபேட், 128 ஜிபி, வைஃபை மாடல், இங்கே 34,900 ரூபாய்க்கு வந்தது. இரண்டு வாங்கினால் 69,800. உங்கள் 70,000 அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் பேனா கிடையாது. யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் 7,900 ரூபாய். ஆப்பிளின் கீபோர்டு ஃபோலியோவும் வேண்டுமென்றால் 24,900. மூன்றையும் கூட்டினால் 67,700. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல லேப்டாப்பே வந்துவிடும். அதனால் நான் யாருக்கும் அந்தக் கீபோர்டைச் சிபாரிசு செய்வதில்லை. அசைன்மென்ட் தட்டுவதற்கு மட்டும் என்றால் சாதாரண புளூடூத் கீபோர்டு போதும். இவை வெளியானபோது இருந்த விலைகள்; பண்டிகைத் தள்ளுபடியில், மாணவர் சலுகையில் குறையும். விகிதம் மட்டும் மாறாது.

பேனாவிலும் ஒரு விஷயம் இருக்கிறது. யூஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. மெதுவாக வைத்தாலும் அழுத்தி வைத்தாலும் கோடு ஒரே கனம்தான். குறிப்பெழுத அது போதும். தசை, எலும்பு என்று நிழல் போட்டு வரைய வேண்டுமென்றால் முதல் தலைமுறைப் பென்சில்தான் இந்த ஐபேடுக்குப் பொருந்தும். அதைச் சார்ஜ் போட ஒரு சிறிய அடாப்டர் வேண்டும், அதைத் தொலைக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. சார்ஜ் போடாமல் மாதக்கணக்கில் டிராயரில் கிடந்த பென்சில் பிறகு எழாமலே போவதும் உண்டு. இரண்டாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் வேறு கம்பெனிப் பேனாக்கள் கிடைக்கின்றன. உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழாமல் எழுதுகிற வசதி பலவற்றில் இருக்கிறது. முதல் செமஸ்டருக்கு அதை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்தாலும் தப்பில்லை.

சாதா ஐபேடின் பெரிய குறை என்று கடைகளில் யாரும் எடுத்துச் சொல்லாதது திரையின் கட்டுமானம். மேலே இருக்கும் தொடு கண்ணாடி வேறு, கீழே படம் காட்டும் எல்சிடி வேறு. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி. ஐபேட் ஏர், ப்ரோ மாடல்களில் இரண்டையும் பசையிட்டு ஒன்றாக ஒட்டியிருப்பார்கள், எதிரொளி குறைக்கும் பூச்சும் இருக்கும். ஷோரூமில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரையை அணைத்து, மேலே எரியும் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். சாதா ஐபேடில் அது வெள்ளை வெளேரென்று பளிச்சென விழும். ஏரில் மங்கி, லேசாக ஊதா நீலம் கலந்து தெரியும். அப்புறம் நகத்தால் தட்டிப் பாருங்கள். சாதாவில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் டொக் டொக்கென்று கேட்கும், ஏரில் சத்தம் அடங்கி ஒலிக்கும். எழுதும்போது இதன் விளைவு என்னவென்றால், பேனா முனை ஓரிடத்திலும் மை அதற்குக் கொஞ்சம் கீழேயும் இருப்பதுபோல் தோன்றும். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். நுணுக்கமாக வரைபவர்கள் கடைசிவரை முணுமுணுக்கிறார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போய் எழுத வைத்துப் பாருங்கள்.

ஆனால் இதே குறைதான் என் மேசைக்கு வரும்போது பெரிய உபகாரமாக மாறுகிறது. சாதா ஐபேட் கீழே விழுந்தால் பெரும்பாலும் மேல்கண்ணாடி மட்டும்தான் உடையும், எல்சிடி பிழைத்துக்கொள்ளும். ஓரங்களைச் சூடாக்கி, பசையை இளக்கி, கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவோம். ஏரில் கண்ணாடியும் எல்சிடியும் ஒரே துண்டு என்பதால் முழு டிஸ்ப்ளேயையும் மாற்ற வேண்டும், செலவு பல மடங்கு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஐபேடைப் பழுது பார்ப்பதைவிட, ஒரு கட்டணத்துக்கு வேறு யூனிட்டாகவே மாற்றித் தருவதுதான் பெரும்பாலும் நடக்கும். வெளிக்கடையில் மாற்றுவதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. மூலை நசுங்கி விழுந்த ஐபேடில் புதுக் கண்ணாடி உட்காரவே உட்காராது. அலுமினிய விளிம்பு அரை மில்லிமீட்டர் உள்ளே மடங்கியிருந்தாலும் போதும், கண்ணாடி அங்கே தூக்கிக்கொண்டு நிற்கும். அமுக்கி ஒட்டினால் இரண்டு நாளில் அதே மூலையிலிருந்து கீறல் கிளம்பும். முதலில் அந்த மூலையை நிமிர்த்தி, உட்புறம் அரம் போட்டுச் சமப்படுத்தணும். அந்தப் பொறுமை இல்லாத கடையில் கொடுத்தால் பணம் வீண். இதற்கெல்லாம் மலிவான மருந்து, மூலைகள் தடித்த ஒரு கேஸ். மெல்லிய அழகான கேஸ்கள் கீறலைத் தடுக்கும், விழுந்தால் காப்பாற்றாது. ஐபேடின் வயது கேஸில் இருக்கிறது என்று எங்கள் கடைப் பையன் சொல்வான், அவன் சொல்வது சரிதான்.

தாங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். எம்பிபிஎஸ் நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம், ஆக ஐந்தரை. சாஃப்ட்வேர் பக்கம் பயமில்லை. 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-க்கு 2021-இல் வெளியான ஐபேட்ஓஎஸ் (ஐபேடின் இயங்குதளம்) 15 வரை கிடைத்தது. 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட், ஐபேட்ஓஎஸ் 18 வரை வந்துவிட்டு, அதற்கு அடுத்த பதிப்பான 26-இல் கழன்றுகொண்டது. ஆறேழு வருஷம் என்று தைரியமாக வைத்துக்கொள்ளலாம். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்களில் இதுதான் பெரிய ஓட்டை. இரண்டு மூன்று வருஷத்தில் அப்டேட் நின்றுபோகும், அதற்கு முன்பே உள்ளிருக்கும் மந்தமான இஎம்எம்சி மெமரியால் திணற ஆரம்பித்துவிடும்.

பேட்டரிதான் நடுவில் ஒருமுறை செலவு வைக்கும். ஆயிரம் முழு சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஒன்றரை நாளுக்கு ஒரு முழு சார்ஜ் காலியாகிறது என்று வைத்தால் ஆயிரம் சுழற்சி நாலு வருஷத்தில் முடியும். நம் ஊரில் வெயிலையும் இதோடு சேர்க்க வேண்டும். ஐபேடுக்கு ஆப்பிள் குறிப்பிட்டிருக்கும் இயங்கு வெப்பநிலை 35 டிகிரி வரைதான். சித்திரை, வைகாசியில் ஃபேன் இல்லாத அறையில் சார்ஜ் போட்டபடி வீடியோ பார்த்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். காருக்குள் வைத்து மறந்தால் திரையில் வெப்ப எச்சரிக்கை வந்து நிற்கும். லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்குவது சூடும், எப்போதும் நூறு சதவீதத்திலேயே இருப்பதும். ஹோட்டல் பில்லிங் கவுண்டரில் இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜில் தொங்கும் டேப்கள் என்னிடம் ஒரே கோலத்தில்தான் வரும்: பேட்டரி வீங்கி, திரையின் ஒரு விளிம்பு தூக்கி, எல்சிடியில் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். அப்படி விளிம்பு தூக்குவதைப் பார்த்தால் அமுக்கி மூடப் பார்க்காதீர்கள். அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். மகளிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இரவெல்லாம் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதே.

தண்ணீர் இன்னொன்று. எந்த ஐபேடுக்கும் நீர்ப்புகாத் தரச் சான்று கிடையாது. ஹாஸ்டல் மேசையில் டீ கொட்டினால் கதை முடிந்தது. இந்த இடத்தில் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இ ஜெயிக்கிறது. நீரும் தூசியும் தாங்கும் ஐபி68 தரச் சான்று உண்டு, பேனா பெட்டிக்குள்ளேயே வரும், அந்தப் பேனாவுக்குச் சார்ஜே தேவையில்லை, மெமரி கார்டும் போடலாம். 2023-இல் 36,999 ரூபாய்க்கு வந்தது, இப்போது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வேகத்தில் ஐபேடுக்குப் பின்னால்தான், ஆனால் படிப்பதற்கும் எழுதுவதற்கும் அந்த வித்தியாசம் கையில் தெரியாது. வீட்டில் யாரிடமும் ஐபோன் இல்லை, பேனாவுக்குத் தனியாகக் கொடுக்க மனமில்லை என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மகன் விஷயம் சுருக்கமானது. ஐபேடில் வேகம் குறைவு என்பதல்ல சிக்கல். ஏ16 சிப் படிப்புக்கு வேண்டியதைவிட வேகமானது. அவனுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் அதில் ஓடாது, அதுதான் சிக்கல். இயந்திர பாகங்களை வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, அவற்றைக் கணக்கிட்டுச் சோதிக்கும் ஆன்சிஸ் எதுவும் ஐபேடில் கிடையாது. ஆட்டோகேடுக்கு ஐபேட் ஆப் உண்டு, வரைபடத்தைத் திறந்து பார்க்கவும் சில்லறைத் திருத்தம் செய்யவும் உதவும், முப்பரிமாண வேலைக்கு உதவாது. கணக்குப் போடும் சாஃப்ட்வேரான மேட்லாபின் மொபைல் ஆப் இணையம் வழியாகத்தான் கணக்குப் போடும். ஆர்டுயினோ என்ற சிறிய எலக்ட்ரானிக்ஸ் போர்டைச் செருகி அதன் வழக்கமான சாஃப்ட்வேரால் புரோகிராம் ஏற்றுவதும் நடக்காது. மூன்றாம் வருஷம் வளாகத் தேர்வுக்கு வரும் ஆன்லைன் டெஸ்ட்களில் பல வெப்கேம் உள்ள லேப்டாப்தான் வேண்டும் என்று கேட்கும். 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26-இல் கம்ப்யூட்டர் மாதிரியே ஜன்னல்களை இழுத்து, அடுக்கி, சுருக்கி வைக்கலாம். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு “இனி லேப்டாப் எதற்கு” என்று உங்கள் மகன் சொல்லியிருக்கலாம். அந்த ஜன்னலுக்குள் சாலிட்வொர்க்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஆகவே என் பங்கீடு இது. மகளுக்கு ஐபேடும் பென்சிலும் 42,800. கேஸ், கண்ணாடி ஒட்டுக்கு இரண்டாயிரம் ஒதுக்கினால் மகனுக்கு 25,000 மிஞ்சும். அந்தப் பணத்துக்குப் புது லேப்டாப் வாங்கினால் நாலு ஜிபி, எட்டு ஜிபி என்று திணறும் ஒன்றுதான் கிடைக்கும், வாங்காதீர்கள். கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லேட்டிட்யூட் வகை லேப்டாப்கள் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) கடைகளில் இந்த விலையில் வருகின்றன. இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும், அதற்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ரேம் 16 ஜிபி. ஆன்சிஸில் பெரிய மாடல் ஓட்ட அது திணறும், அதற்குக் கல்லூரி லேப் இருக்கிறது. மகளுக்குச் சாம்சங் எடுத்தால் கேஸ் செலவு போக மகனுக்கு 31,000 போல மிஞ்சும், இன்னும் நல்லதாகத் தேடலாம்.

ஒன்றை வாங்கி இருவரும் பகிர்வது பற்றி: ஐபேடில் வேண்டாம். வீட்டில் பயன்படுத்தும் ஐபேடில் ஆளுக்கொரு கணக்கு வைக்கும் வசதி கிடையாது; பள்ளி, நிறுவனங்கள் நிர்வகிக்கும் ஐபேடில் மட்டும்தான் உண்டு. அண்ணனுடைய வாட்ஸ்அப்பும் தங்கையின் நோட்டும் ஒரே இடத்தில் கிடக்கும், வாரம் ஒரு சண்டை நிச்சயம். சாம்சங் டேபில் தனித்தனிக் கணக்கு போடலாம். ஆனால் இருவரும் வேறு வேறு ஊரில் ஹாஸ்டலில் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

இனி நான் அடித்துச் சொல்ல மாட்டாத விஷயங்கள். கையால் எழுதினால் மனதில் நன்றாகப் பதியும், அதனால் டேப்லெட் நல்லது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லேப்டாப்பில் தட்டியவர்களைவிடக் காகிதத்தில் எழுதியவர்கள் கருத்துக் கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள் என்று 2014-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது உண்மை. பிறகு மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. அந்த ஆய்வு காகிதத்தையும் லேப்டாப்பையும்தான் ஒப்பிட்டது, கண்ணாடிமேல் எழுதும் பேனாவை அல்ல. ஆகவே அதை நம்பி 42,800 ரூபாய் போட வேண்டாம். எடை, பேட்டரி, தேடும் வசதி, இவற்றுக்காகப் போடுங்கள். கண்ணுக்குக் கெடுதலா என்பதைக் கண் டாக்டரிடம் கேளுங்கள். கவனம் சிதறுமா என்றால், போனில் சிதறுகிற பிள்ளைக்கு இதிலும் சிதறும். நோட்டிஃபிகேஷனை அணைக்கும் வழி இரண்டிலும் இருக்கிறது, அணைப்பது அவரவர் பாடு.

செகண்ட் ஹேண்டில் ஏர் வாங்கலாமே என்ற யோசனை வரும், வரத்தான் வேண்டும், ஒட்டிய திரை எழுத அவ்வளவு நன்றாக இருக்கும். அப்போது சிலவற்றைப் பாருங்கள். விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். இல்லையென்றால் ஆக்டிவேஷன் லாக்கில், அதாவது பழைய ஆளின் கணக்கோடு கட்டிய பூட்டில் மாட்டிக்கொள்வீர்கள், அதை எந்தக் கடையாலும் நேர்மையான வழியில் திறக்க முடியாது. பல பழைய மாடல்களில் பேட்டரி நிலவரம் செட்டிங்ஸில் காட்டாது, கம்ப்யூட்டரில் இணைத்து 3யூடூல்ஸ் போன்ற ஒன்றில் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் தலைமுறை சாதா ஐபேடாக இருந்தால் ஹோம் பட்டனில் கைரேகை வேலை செய்கிறதா என்று பாருங்கள். வேலை செய்யவில்லையென்றால் யாரோ கண்ணாடி மாற்றும்போது அதன் கேபிளை அறுத்திருக்கலாம். அந்த பட்டன் ஐபேடின் மெயின் போர்டோடு ஜோடி சேர்த்தது, வேறொன்று போட்டால் கைரேகை வராது. சந்தேகப்படும்படி மலிவாக ஒன்று வந்தால் அது வெளிநாட்டுப் பள்ளியிலோ கம்பெனியிலோ இருந்து வந்த நிர்வாகப் பூட்டு உள்ளதாக இருக்கலாம். முகப்புத் திரை வரைக்கும் எல்லாம் சரியாகவே ஓடும். முழுவதும் அழித்து, வைஃபையில் இணைத்து மறுபடி அமைக்கும்போதுதான் “ரிமோட் மேனேஜ்மென்ட்” என்று ஒரு திரை வரும். ஆகவே அழித்து, வைஃபையில் இணைத்து, அந்தக் கட்டத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.